மீன் கழுவிய தண்ணீர்

மொட்டை மாடியில் நீல டிரம்மை இரண்டாக வெட்டி, மண் நிரப்பி, அவரை விதை போட்டுவிட்டு, "ஒன்றும் வரமாட்டேன் என்கிறதே" என்று காலை நடையில் தினமும் புலம்புகிற என் வயதுக்காரர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? போர் தண்ணீரா? ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். முழங்கால் வலியைப் பற்றிப் பேசவே நமக்கு நேரம் போதவில்லை.

நீங்கள் அவரைப் பேச்சை எடுத்தால் நான் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி பின்தங்கிவிடுவேன். கவனித்திருப்பீர்கள். கர்வம் என்றுகூட நினைத்திருப்பீர்கள். கர்வமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவரைக்கொடி படர்ந்த வீட்டை நான் இன்றும் சுற்றிக்கொண்டுதான் போவேன். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற மகளிடம்கூடச் சொன்னதில்லை. அறுபத்துநான்கு வயதாகிவிட்டது, இதற்கு மேல் பூட்டி வைத்து எந்தக் கோட்டையைப் பிடிக்கப்போகிறேன்?

எனக்கு அப்போது ஒன்பது வயது. பழவேற்காடு ஏரிக்குள் பசியாவரம் என்கிற தீவூரில் இருந்தோம். அப்பா ஏரியில் வலை போடுகிறவர். அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அம்மாவும் மீனவ வீட்டுப் பெண்தான். ஆனால் சின்ன வயதிலேயே பெற்றவர்கள் போய்விட்டதால் கரை தாண்டி உள்ளே இருக்கிற காட்டூரில் குத்தகை நிலம் உழுத அவளுடைய மாமா வீட்டில் வளர்ந்தாள். அதனால் அவளுக்கு மீனைவிட மண் நன்றாகத் தெரியும். மடவை மீனைச் செதில் சீவத் தெரியாமல் கையைக் கிழித்துக்கொள்வாள். ஊரே சிரிக்கும்.

அந்த வருஷம் அம்மாவுக்கு இருமல் வந்தது. முதலில் கஷாயம், பிறகு வேப்பிலை அடித்தது, கடைசியில் பொன்னேரிக்குப் போய் டாக்டரைப் பார்த்தார்கள். டி.பி. என்று சொல்லிவிட்டார். ஆறு மாதம் ஊசியும் மாத்திரையும் விடாமல் போட வேண்டும், குழந்தையைப் பக்கத்தில் சேர்க்கக் கூடாது என்றார். தீவில் இருந்துகொண்டு தினம் ஊசிக்குப் போக முடியாது. அம்மா காட்டூருக்குப் போவது என்று முடிவாயிற்று.

போவதற்குப் பத்து நாள் முன்னால் அம்மா ஒரு காரியம் செய்தாள். காட்டூரிலிருந்து இரண்டு கோணிப்பை வண்டல் மண் வரவழைத்தாள். அது மாட்டு வண்டியில் கரை வரைக்கும், அங்கிருந்து தோணியில் எங்கள் வீட்டுக்கும் வந்தது. எங்கள் ஊர் மண், மண்ணே இல்லை. கிளிஞ்சல் துண்டும் மணலும். அதில் விதை போட்டால் விதைதான் வீண். கொல்லைப் பக்கச் சுவரை ஒட்டிக் குழி தோண்டி, அந்தக் கறுப்பு மண்ணைக் கொட்டி, இரண்டு அவரை விதையை ஊன்றினாள். ஒன்று முளைத்தது. கிளம்புகிற அன்றைக்கு அதில் நாலு இலை இருந்தது.

அம்மா என்னைத் தொடவில்லை. வாசலுக்கு அந்தப் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பாப்பா, இது பூ வெக்கறதுக்குள்ள நான் வந்துருவேன், இன்னா? அழக் கூடாது."

"தண்ணி ஊத்தணுமா?"

"குடிக்கற தண்ணிய ஊத்தாத. நைனா அவ்ளோ தூரத்துலேர்ந்து கொண்டாறது. மீன் கழுவன தண்ணிய ஊத்து. அது செடிக்கு நல்ல சத்து."

அவ்வளவுதான் அவள் சொன்னது. தோணி போகிற வரைக்கும் நின்றேன். அழவில்லை. நல்ல பிள்ளை என்று பேர் வாங்கினேன், வேறென்ன.

அம்மா போன மறுநாள் அத்தை வந்தாள். நைனாவின் அக்கா. அவளுடைய புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு எண்ணூர் பக்கம் போய்விட்டான். பிள்ளை இல்லை. பத்து வருஷமாகக் கொழுந்தன் வீட்டுச் சமையல்கட்டு மூலையில் சுருண்டு படுத்துக்கொண்டு இருந்தவள். ஒரு டிரங்குப் பெட்டியும், வயிற்றில் நசுங்கல் விழுந்த ஒரு பித்தளைச் செம்பும் கொண்டுவந்தாள். வந்த அன்று மத்தியானம் நடுவீட்டில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, "யப்பா, பத்து வருசம் கழிச்சி இன்னிக்குதான்டா கால நீட்டிப் படுக்கறேன்" என்று நைனாவிடம் சொன்னாள். நைனா, "நீ எப்பவும் இங்கயே இருந்துரு அக்கா. அவ வந்தாலும் நீ இங்கதான்" என்றார். எனக்குக் கோபமான கோபம். அம்மாவின் பாயில் படுத்திருக்கிறாள், அதற்கு மேல் எப்பவும் இங்கேயேவாம்.

உங்களில் பலர் குழாயைத் திருப்பி வளர்ந்தவர்கள். எங்களுக்கு நல்ல தண்ணீர் பழவேற்காட்டுக் கரையிலிருந்து தோணியில் வர வேண்டும். இரண்டு நாளைக்கு ஒரு முறை. வீட்டில் மண்பானையில் ஊற்றி மூடி, மேலே ஒரு கல். அதிலிருந்து ஆளுக்கு இத்தனை செம்பு என்று கணக்கு. குடிக்க, சோறு வடிக்க, அவ்வளவுதான். பாத்திரம் தேய்க்க, மீன் கழுவ, கால் கழுவ எல்லாம் ஏரித் தண்ணீர். நல்ல தண்ணீரைக் கீழே சிந்தினால் அடுத்த வீட்டுக்காரிகூட வந்து திட்டுவாள். நான் ஒரு தடவை வாய் கொப்பளித்துத் துப்பியதற்கு முதுகில் வாங்கியிருக்கிறேன். தரையில் நல்ல தண்ணீரை ஊற்றுகிற மனுஷர் எங்கள் ஊரில் கிடையாது.

எனக்கு விளையாட ஆளில்லை. டி.பி. வீட்டுப் பிள்ளை என்று மற்ற பிள்ளைகளை அவர்கள் அம்மாக்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நான் போனால் கிளிஞ்சல் ஆட்டத்தைக் கலைத்துவிட்டு எழுந்து போவார்கள். திட்ட மாட்டார்கள், அடிக்க மாட்டார்கள், எழுந்து போவார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்குத் தனிப் பலகை. பாப்பா பாவம் என்று எல்லோரும் சொன்னார்கள், ஒருத்தரும் கிட்டே வரவில்லை. எனவே நான் அவரைக்கொடியோடு பேச ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள். நீங்கள் டிவி சீரியலோடு பேசுவதை நான் கேட்டிருக்கிறேன்.

அத்தை தினமும் காலையில் கொல்லையில் உட்கார்ந்து மீன் அறுப்பாள். அவள் கை என்ன கை! கெளுத்தியானாலும் மடவையானாலும் நாலே சீவல். ஏரித் தண்ணீர் இரண்டு குடம் எடுத்துவந்து மண்சட்டியில் ஊற்றி அலசுவாள். அந்தத் தண்ணீர் இளஞ்சிவப்பாக, செதில் மினுங்க, வழுவழுவென்று இருக்கும். அதை நான் தூக்கிக்கொண்டு போய் கொடியின் காலில் ஊற்றுவேன். "அம்மா சொல்லிச்சி" என்பேன். அத்தை, "ஊத்து, ஊத்து. எனக்கு ஒரு வேல கம்மி" என்பாள்.

ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை. ஆற்றிலிருந்து செம்மண் வெள்ளம் ஏரிக்குள் இறங்கியது. ஏரித் தண்ணீர் கரிப்பு போய்ச் சப்பென்று ஆகிவிடும் அந்த மாதங்களில். ஒரு வாய் குடித்தால்கூட ஒன்றும் செய்யாது. கொடி வளர்ந்ததே ஒரு வளர்த்தி! நைனா சவுக்குக் கம்பும் பழைய வலையும் வைத்துப் பந்தல் கட்டித் தந்தார். கையகல இலை. கரும்பச்சை. மீன் ரத்தமும் செதிலும் அந்தக் காட்டூர் மண்ணில் மக்கி, தண்ணீரில் கரைந்து, வேர் வழியாக உள்ளே போயிருக்கிறது. செடிக்குப் பல் கிடையாது பாருங்கள். அது எதைச் சாப்பிட்டாலும் குடித்துத்தான் சாப்பிட வேண்டும். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் கொடி வளர்ந்தால் அம்மா வருவாள் என்பதுதான்.

தை பிறந்தது. பந்தலில் ஊதாப் பூ வந்தது. அம்மா வரவில்லை.

நைனா வாரம் ஒரு தடவை காட்டூர் போய்ப் பார்த்து வருவார். "தேறிக்கினு இருக்கா" என்பார். முகத்தைப் பார்க்காமல் சொல்வார். ஒரு நாள் அத்தை பக்கத்து வீட்டு அக்காவிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "வந்தாதான் வந்த மாதிரி. போன மாசம் பாத்தப்ப எலும்பும் தோலுமா கீது." எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றின மாதிரி இருந்தது. அம்மா வரக் கூடாது என்று இவளுக்கு ஆசை, வராவிட்டால் இவள் இங்கேயே காலை நீட்டிப் படுக்கலாம், என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். பூ வைப்பதற்குள் என்றுதானே அம்மா சொன்னாள், காய் வைப்பதற்குள் என்று மாற்றிக்கொண்டேன். கொடி மட்டும் சாகாமல் இருந்தால் போதும்.

மாசி முதல் வாரத்தில் இலை ஓரம் பழுத்தது. மஞ்சளாகி, பிறகு நெருப்பில் காட்டின காகிதம் மாதிரி ஓரம் மட்டும் கருகிச் சுருண்டது. நடு இலை பச்சையாகத்தான் இருந்தது. மத்தியானத்தில் கொடி மொத்தமும் தொங்கிப்போகும். சாயந்தரம் கொஞ்சம் நிமிரும். காலில் மண் ஈரமாக, விரலை வைத்தால் சதசதவென்று இருக்கிறது. ஈரத்தில் நின்றுகொண்டு எதற்கு இப்படித் தாகமாக நிற்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பூ எல்லாம் உதிர்ந்தது. பிஞ்சு ஒன்றும் நிற்கவில்லை. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, இரண்டு சட்டி ஊற்றினேன். பிறகு மூன்று.

கரையோரத்தில் உமரிச் செடி இருக்கும். குண்டு குண்டு இலை. நசுக்கினால் உப்புத் தண்ணீர் பீச்சும். பிள்ளைகள் மென்று துப்புவோம். அது ஏரித் தண்ணீரிலேயே நின்றுகொண்டு பச்சைப்பசேலென்று இருக்கும். அது குடிக்கிற தண்ணீரைத்தானே நானும் ஊற்றுகிறேன், இதற்கு மட்டும் என்ன கேடு என்று கொடியைத் திட்டினேன்.

மண்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அத்தை அங்கே சாம்பல் கொட்டுகிறாள் என்று நினைத்தேன்.

அத்தை அதைக் குனிந்து பார்த்தாள். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"பாப்பா, போதும். இனிமே அந்தத் தண்ணி ஊத்தாத."

"அம்மா ஊத்தச் சொல்லிச்சி."

"உங்கம்மா காட்டூர்ல கீறவ. அங்க கெணத்துத் தண்ணில மீன் கழுவுவாங்க. இங்க இன்னா தண்ணில கழுவறோம்? மழ நின்னு ஏரி கரிக்குது இப்ப. நீ செடிய கருவாடு போட்டுக்கினு கீற."

இப்படித்தான் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது. வருஷம் முழுக்க மீனுக்கு உப்புத் தடவி, அதிலிருந்து தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்தவள். அவளுக்குத் தெரியாதா? முழு விளக்கத்தையும் ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டாள். என் காதில் விழுந்ததெல்லாம் "கருவாடு" மட்டும்தான். என் கொடியைச் சாக அடித்துச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். "நீதான் கருவாடு!" என்று கத்திவிட்டு ஓடினேன். அவள் பார்க்காத நேரத்தில் நானே ஏரிக்குப் போய்க் குடத்தில் மொண்டுவந்து ஊற்றினேன். மீன்கூடக் கழுவாத தண்ணீர். மாசி மாதத்து ஏரித் தண்ணீர்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் இருக்கும். விடிந்து கொஞ்ச நேரம்தான். பனி இன்னும் விலகவில்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். அத்தை தன் நசுங்கின செம்போடு கொடியின் காலில் குந்தி உட்கார்ந்து, வேரைச் சுற்றி மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் கதவுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். மறுநாளும் பார்த்தேன். அதற்கு மறுநாளும். திருட்டுத்தனமாக ஒருத்தி ஒரு செடிக்கு என்ன ஊற்றுவாள்? வெந்நீர்தான் ஊற்றுவாள் என்று முடிவு செய்துவிட்டேன்.

அன்றைக்கு நைனா காட்டூரிலிருந்து வந்திருந்தார். அம்மாவுக்கு மறுபடி ரத்தம் வந்ததாம். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய்ச் சொன்னேன்.

"நைனா, அத்த அம்மா செடிக்கு வெந்நி ஊத்துது."

"இன்னா சொல்ற?"

"தெனமும் ஊத்துது. நான் பாத்தேன். அதான் கருகுது. அம்மா வரக் கூடாதுன்னு ஊத்துது."

அவர் எழுந்து கொல்லைக்குப் போனார். கருகின கொடியைப் பார்த்தார். அத்தை அங்கே இறால் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதுக்கு இன்னா ஊத்தன நீ?"

அத்தை என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நல்ல தண்ணிடா" என்றாள்.

"நல்ல தண்ணியா? குடிக்கவே தண்ணி இல்ல, நீ செடிக்கு நல்ல தண்ணி ஊத்துவியா? எவன் நம்புவான்?"

"எம் பங்குதான்டா ஊத்தனேன்."

"அப்போ நீ இன்னாத்த குடிச்ச?"

அவள் குனிந்து ஒரு கை இறாலை அள்ளினாள். நைனா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பாப்பா. கண்ணால பாத்தியா?"

"பாத்தேன் நைனா. ஆவி வந்துச்சி."

ஆவி வரவில்லை. பனி இருந்தது. செம்பிலிருந்து ஒன்றும் வரவில்லை. எனக்கு அது அப்போதே தெரியும். உங்களிடம் வேறு மாதிரி சொல்லிக்கொள்ளலாம், பனியை ஆவி என்று நினைத்துவிட்டேன், குழந்தைதானே என்று. இல்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னேன்.

"கொழந்த பொய் சொல்லுமா?" என்று நைனா கத்தினார். அவர் தன் அக்காவிடம் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். "அவ அங்க ரத்தம் ரத்தமா கக்கறா. நீ இங்க அவ வெச்ச செடிய எரிக்கற. அவ சாவணும்னு பாக்கறியா? உனக்கு எடம் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

பக்கத்து வீட்டார் எல்லாம் வேலியருகே வந்துவிட்டார்கள். அத்தை கையிலிருந்த இறாலைக் கீழே உதறினாள். "சரிடா" என்றாள். அடுத்த தண்ணித் தோணி திரும்பிப் போகும்போது டிரங்குப் பெட்டியோடு அதில் ஏறினாள். யாரும் கரைக்குப் போகவில்லை. நான் மட்டும் தூரத்தில் நின்று பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும். அன்று மத்தியானம் வரைக்கும் எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் வீட்டில் யாருமில்லை. நைனா தொழிலுக்குப் போய்விட்டார். பானையில் அத்தை பொங்கி வைத்த சோறு இருந்தது. அவளுடைய பாய் சுருட்டி ஓரமாக நின்றது. அன்று முதல் பங்குனி முழுக்க, விடிந்தால் பொழுது போனால் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். சோறு நானே வடித்தேன். இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டேன். அத்தை இருந்தபோது தலையில் அவள் எண்ணெய் வைத்துச் சிடுக்கெடுத்தாள், நான் முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். இப்போது தலை பேன் பிடித்து ஊறியது. கூப்பிட்டால் என்ன என்று கேட்க ஆளில்லை.

கொடியின் அடித்தண்டில், அத்தை போன அன்று, இரண்டு புது இலை விட்டிருந்தது. சின்னதாக, ஓரம் கருகாமல், தளதளவென்று. வெந்நீர் நின்றதால் துளிர்த்தது என்று நைனாவிடம் காட்டினேன். அவரும் தலையாட்டினார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஏரித் தண்ணீரை இன்னும் ஒரு குடம் கூடுதலாக ஊற்றினேன். எட்டாம் நாள் அந்த இரண்டு இலையும் சுருண்டது. பத்து நாளில் கொடி மொத்தமும் சருகு. நைனா பந்தலைப் பிரித்து, வேரைப் பிடுங்கிப் போட்டு, குழியை மணலால் மூடினார். வெந்நீர் வேர் வரைக்கும் போயிருக்கிறது என்றார்.

அம்மா செத்துப்போவாள் என்று நான் காத்திருந்தேன். அம்மா சாகவில்லை. சித்திரையில், கன்னத்தில் சதை பிடித்து, காலில் புதுச் செருப்போடு தோணியிலிருந்து இறங்கினாள். என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்குள் வந்து சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அண்ணி எங்க?" என்று அத்தையைக் கேட்டாள்.

நைனா சொன்னார். அம்மா நம்பவில்லை. "அண்ணியா? நான்தானே அவங்கள வரச் சொல்லி ஆளனுப்புனேன். எம் பொண்ண வேற யாருகிட்ட விடுவேன்? ஒரு கொடி போனா போவுது. அதுக்காகவா அனுப்பன?" என்று சண்டை போட்டாள். நைனா, "நீ பாக்கல. பாப்பா பாத்துச்சி" என்றார். அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி பானையிடம் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா வந்து அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாள். "ஏன் இப்படி? உங்க வூட்ல உன் நாத்தனாருக்குக் குடிக்கத் தண்ணிகூடக் குடுக்கலியா? மாசி மாசம் பூரா எங்கிட்ட வந்து அர செம்பு குடு, நெஞ்ச அடைக்குதுன்னு வாங்கிக் குடிச்சிக்கினு போச்சி." அம்மாவுக்கு அவமானமாகிவிட்டது. நைனாவிடம் கேட்டதற்கு, "யாருக்கு எவ்ளோன்னு நான் அளந்தா குடுத்தேன்?" என்று எழுந்து போய்விட்டார். மூன்று பேரும் அந்த வார்த்தையைக் கேட்டோம். மூன்று பேருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் அதை யோசிக்கவே இல்லை.

அத்தை கரைப் பக்கம் தோணிரேவு என்கிற ஊரில் கருவாடு போடுகிற இடத்தில் கூலிக்கு இருந்தாள் என்று கேள்வி. அங்கேயே ஒரு கொட்டகை ஓரத்தில் படுக்கை. அம்மா இரண்டு தடவை போய்க் கூப்பிட்டாள். "தம்பி வந்து கூப்புடட்டும்" என்றாளாம். தம்பி, "அவளா வரட்டும்" என்றார். எனக்குப் பதினாறு வயதில் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கூடையோடு உட்கார்ந்திருந்தாள். "பாப்பா?" என்று எழுந்தாள். நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். எனக்குக் கல்யாணமான வருஷம் செத்துப்போனாள். நைனா சாவுக்குப் போனார். பாடை தூக்கும் வரைக்கும் தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தாராம்.

பிறகு நான் இந்தப் பக்கம் வந்து, வேலை பார்த்து, ஒரு மகளைப் பெற்று, நாற்பத்தைந்து வயதும் ஆயிற்று. அம்மா அப்போது இல்லை. நைனாவை என்னோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சித்திரை மாதம் மாங்காய் நறுக்கி, கல்லுப்பு போட்டு, ஜாடியில் குலுக்கி வைத்தேன். மறுநாள் காலை மூடியைத் திறந்தால், வழக்கம்போல் துண்டெல்லாம் சுருங்கி, ஜாடி பாதி தண்ணீர். இருபது வருஷமாகப் பார்க்கிற காட்சி. அன்று என் மகள் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து பத்தாம் வகுப்பு அறிவியலைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். மண்ணில் உப்பு மிகுந்தால் வேருக்குள் தண்ணீர் நுழையாது, உள்ளே இருப்பதும் வெளியே வந்துவிடும், ஈரமான மண்ணிலேயே செடி வாடும் என்று படித்தாள். இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகும்போது அது சுமந்து வந்த உப்பு இலை ஓரத்தில் தங்கி, ஓரம் கருகும் என்று படித்தாள். உப்பைக் கழுவ நல்ல நீரை நிறைய ஊற்ற வேண்டும் என்று படித்தாள்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா, மயக்கமா?" என்று மகள் ஓடிவந்தாள். அத்தை ஒருத்திதான் அந்தத் தீவில் என் கொடிக்கு வழி தெரிந்தவள். தன் வாய்க்குள் போக வேண்டிய தண்ணீரை அதற்கு ஊற்றிவிட்டு, அடுத்த வீட்டில் அரைச் செம்பு கையேந்திக் குடித்திருக்கிறாள். எனக்காக. முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்த எனக்காக. அன்று நான் அழுத அழுகையை மகள் மாங்காய்க் காரம் என்று நினைத்துக்கொண்டாள். மிளகாய்த்தூளே இன்னும் போடவில்லை.

உடனே நைனாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த அறையில்தான் படுத்திருந்தார். எழுந்து கதவு வரைக்கும் போனேன். இந்த வயதில் அவரைப் போய்க் கலங்கடிப்பானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல நாள் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன். இப்படியே நாலு வருஷம் ஓடியது. நாலு வருஷத்தில் எத்தனை நல்ல நாள்!

கடைசி மாதம் அவருக்கு நினைவு வந்து வந்து போகும். ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். நல்ல வெயில். தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். தெளிவாக இருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனக்காத."

"கேளு நைனா."

"அன்னிக்கு நெஜமாவே ஆவி வந்துச்சா?"

நாற்பது வருஷமாக இந்த மனுஷர் இதைத்தான் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். இல்லை என்றால் அக்காவைப் பறிகொடுத்தது சும்மா என்று ஆகும். வந்தது என்றால் அக்கா கெட்டவளாகவே இருந்துவிட்டுப் போவாள். அவருக்காகத்தான் யோசித்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். நான் எனக்காகத்தான் யோசித்தேன். அந்த ஒரு முகம் என்னை எப்படிப் பார்க்குமோ என்று பயந்தேன்.

"வந்துச்சி நைனா," என்றேன்.

அவர் சரி என்று தலையசைத்தார். என் கையை விட்டுவிட்டு, கஞ்சி இருக்கிறதா என்று கேட்டார். கொண்டுவந்து ஊட்டினேன்.